சிறைக்குள் கல்லூரி: பங்கு மக்களின் பங்கு என்ன?

திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலின் கடைசிப் பிரிவில் ஒரு சின்ன வேண்டுகோள் வருகிறது (2 திமொ 4:13). மறையுரைகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் தாம் விட்டுவந்த போர்வையையும், நூல்களையும், முக்கியமாகத் தோல் சுருள்களையும் வரும்போது கொண்டுவரும்படி அவர் கேட்கிறார். தம் முடிவு நெருங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அதே பிரிவில் அதை வெளிப்படையாகவே சொல்கிறார். அப்படியிருந்தும் குளிருக்குப் போர்த்த ஒன்றும் படிக்கச் சிலவும் அவருக்கு வேண்டியிருந்தன.

இந்த வசனத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நூல்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் கார்ப்பு. அவற்றை வாங்கிச் சிறைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியவர் திமொத்தேயு. சிறையில் இருப்பவர் கல்லூரிப் படிப்பு படிப்பது எப்படி, அதற்கு வெளியே இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்று சிந்திக்கிறபோது நமக்கு நினைவுக்கு வருகிறவர்கள் இந்த இருவர்தான்.

முதலில் நம் பகுதி நிலவரத்தைப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் கைது செய்யப்படுகிறவர்கள் பெரும்பாலும் பேரூரணியில் உள்ள மாவட்டச் சிறைக்குப் போகிறார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போகிறார்கள். தமிழகத்தில் உள்ள 9 மத்திய சிறைகளில் தென்கோடியில் இருப்பது அதுதான். பெண்களுக்கென்று நெல்லை கொக்கிரகுளத்தில் ஒரு சிறை இருக்கிறது. பாளையங்கோட்டை என்றதும் நம் வீடுகளில் எல்லோருக்கும் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 1923இல் இயேசு சபையினர் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும், தூய யோவான் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. மீன் விற்ற காசில் பிள்ளைகளை அங்கே அனுப்பிப் படிக்கவைத்த தாய்மார் மணப்பாடு முதல் வேம்பார் வரை எத்தனையோ பேர். அதே ஊருக்கு அதே பேருந்தில் இன்னொரு கூட்டமும் போகிறது: சிறையில் இருக்கும் மகனுக்கு 'மனு பார்க்க'ப் போகிறவர்கள். இவர்கள் எங்கே போகிறோம் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த மகன் கல்லூரிப் படிப்பைச் சிறைக்குள்ளேயே படித்து முடிக்க முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இது புதிய ஏற்பாடும் அல்ல. 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது 'இக்னோ', 1994இல் தில்லி திகார் சிறைக்குள் படிப்பு மையம் திறந்தது. பிறகு நாட்டின் பல சிறைகளில் இப்படிப்பட்ட மையங்கள் வந்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறைவாசிகளுக்குப் படிப்பு நடத்துகிறது. இரண்டுமே சிறைவாசிகளிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடநூல்கள் அச்சிட்ட புத்தகங்களாக வருகின்றன. தேர்வும் பெரும்பாலும் சிறை வளாகத்துக்குள்ளேயே நடக்கிறது. கிடைக்கிற பட்டத்தில் 'சிறையில் படித்தது' என்று எந்த முத்திரையும் இருக்காது. வெளியே படித்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம்தான்.

விதிகளும் ஆதரவாகவே இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2015இல் ஏற்றுக்கொண்ட 'மண்டேலா விதிகள்' என்ற தொகுப்பில் 104ஆம் விதி கல்வியைப் பற்றியது. சிறைக்கல்வி நாட்டின் பொதுக்கல்வியோடு இணைந்ததாக இருக்க வேண்டும், விடுதலையானபின் தடையின்றித் தொடர ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த விதிகளுக்குத் தம் பெயரைத் தந்த நெல்சன் மண்டேலாவும் சிறையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் படித்து, 1989இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றவர். நம் நடுவண் அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேட்டிலும் சிறைவாசிகளின் கல்விக்கென்றே ஓர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது.

கட்டணம் இல்லை, பல்கலைக்கழகம் தயார், விதிகளும் தடுக்கவில்லை. பிறகு ஏன் பட்டம் பெறுகிறவர்கள் குறைவு? விசாரித்துப் பார்த்தால் காரணம் பல நேரங்களில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கும்.

கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர் சிறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்தவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வழக்கில் சிக்கினார். உள்ளே படிக்க விரும்புகிறார். சிறை நல அலுவலரிடம் கேட்கிறார், அவரும் விண்ணப்பம் போடச் சொல்கிறார். விண்ணப்பத்துடன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? ஒருவேளை கல்லூரி அலுவலகத்தில் இருக்கும். சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் நிலுவைக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒருவேளை வீட்டில் இருந்து மழையில் நனைந்து போயிருக்கும். தொலைந்துவிட்டது என்றால் இரண்டாம்படிச் சான்றிதழ் வாங்க வேண்டும். காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், படித்த பள்ளி என்று ஏறி இறங்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? தந்தை கடலுக்குப் போகிறார். தாய்க்கு அந்த அலுவலகங்களின் வாசல் தெரியாது, தெரிந்தாலும் 'பையன் எங்கே, அவனையே வரச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்ல நா எழாது. மாதம் ஒரு முறையோ இரு முறையோ நடக்கும் சந்திப்பில், கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு குடும்பங்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசும் இடத்தில், இந்த விவரங்களைக் கேட்டுப் புரிந்துகொள்வது அந்தத் தாய்க்கு எளிதா? அதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்துவிடும். ஆறு மாதம் போய்விடும்.

சிறைக்குள் கல்லூரிப் படிப்பை ஒருங்கிணைப்பது என்றால் ஏதோ வகுப்பு நடத்துவது, பேராசிரியர்களை அழைத்துச் செல்வது என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் இந்த அலைச்சல்தான். காகிதத்தைத் தேடிப் பிடித்து, உரிய தேதிக்குள் உரிய மேசையில் கொண்டுபோய் வைப்பது. சிறை நல அலுவலர்களும் சிறையில் உள்ள ஆசிரியர்களும் மனமிருந்தாலும் ஊர் ஊராக வந்து சான்றிதழ் தேட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப்படிப்பை முடிக்காதவரும் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேரே பட்டப்படிப்பில் சேர வழி இருந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களையே அரசு வேலைக்கு ஏற்போம் என்று 2009இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆகவே எட்டாம் வகுப்போடு நின்றவரை ஆர்வத்தில் நேரே பி.ஏ. சேர்த்துவிட்டால், ஐந்தாறு ஆண்டு உழைத்தபின் அந்தப் பட்டம் அவர் எதிர்பார்த்த இடத்தில் செல்லாமல் போகும். தண்டனைக் காலம் நீண்டதாக இருந்தால், முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு, பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பிறகு பட்டம் என்று வரிசையாகப் போவதே நல்லது. மத்திய சிறைகளில் இருந்து ஆண்டுதோறும் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். சேர்க்கும்போதே இதை எடுத்துச் சொல்லும் ஆள் ஒருவர் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்டனைக் கைதிகளுக்காவது எத்தனை ஆண்டு என்று தெரியும். விசாரணைக் கைதிகளுக்கு அதுவும் தெரியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு 75க்கும் மேற்பட்டோர், விசாரணைக் கைதிகள். நாளைக்கே பிணை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே ஆண்டுகளை ஓட்டுகிறவர்கள் மூன்றாண்டுப் படிப்பில் மனம் வைப்பது எப்படி? நம் பகுதி இளைஞர்கள் பலர்மீது பாயும் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் இதே கதைதான். 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம், ஆனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடுவிலேயே அந்த ஆணையை இரத்து செய்துவிடவும் கூடும். இவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு பொருத்தமானது என்பது நம் கருத்து. முடித்தால் கையில் ஒன்று இருக்கும், நடுவில் வெளியே போனாலும் நட்டம் குறைவு. விட்டுப்போன கல்லூரித் தேர்வுகள், நாம் 'அரியர்' என்கிறோமே, அவற்றை எழுத நீதிமன்ற அனுமதி பெற்றுக் காவலர் துணையுடன் போய்வரவும் வழி இருக்கிறது. வழக்கறிஞர் மனு போட வேண்டும். தேர்வு அட்டவணையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மறுபடியும் அதே காகிதம், அதே அலைச்சல்.

படிப்பைத் தொடங்கியபின் வரும் தடைகள் வேறு. நிர்வாகக் காரணங்களுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ கோவைக்கோ மாற்றிவிடுவார்கள். மனிதர் போய்விடுவார், பாடநூல் கட்டு பின்தங்கிவிடும். இக்னோவில் தேர்வுக்கு முன் ஒப்படைப்புகளை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும், அது ஒரு சிறையில் எழுதப்பட்டு இன்னொரு சிறையில் இருப்பவருடையதாகிவிட்டால் மதிப்பெண் ஏறாமல் கிடக்கும். விடுதலையும்கூட ஒரு தடைதான். கேட்க விந்தையாக இருக்கும். வெளியே வந்ததும் கட்டணச் சலுகை அவருக்கு இல்லை. படிப்பு மையத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வேலையாக வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாண்டு பி.ஏ. படிப்பை ஆறு ஆண்டுக்குள் முடிக்க இக்னோ இடம் தருகிறது என்பதை அவருக்கு யாராவது நினைவூட்டாவிட்டால், இரண்டு ஆண்டுப் படிப்பும் தேர்ச்சியும் அப்படியே காலாவதியாகிவிடும்.

இந்த இடத்தில் நம் இறைமக்களில் சிலருக்கு எழும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 'ஒரு தப்பும் செய்யாத என் பிள்ளைக்கு இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிறேன். குற்றம் செய்தவனுக்கு இலவசக் கல்லூரியா?' நியாயமான கேள்வி. இன்னும் கடினமான ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் கொல்லப்பட்டவரின் குடும்பமும் கொன்றதாகச் சொல்லப்படுபவரின் குடும்பமும் ஒரே பங்கில், சில வேளை ஒரே தெருவில் இருக்கின்றன. ஒரே திருப்பலிக்கு வருகின்றன. மகனை இழந்த தாய் இருக்கையில் அமர்ந்திருக்க, மற்ற குடும்பத்து மகனின் படிப்புக்கு உதவி கேட்டு அறிவிப்பு வாசிக்க முடியுமா? முடியாது, கூடாது. இந்தப் பணி சத்தமில்லாமல் நடக்க வேண்டிய பணி. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைகளுடைய படிப்பைப் பங்கு முதலில் கவனிக்கட்டும். அதைச் செய்யாமல் இதை மட்டும் செய்தால் மக்கள் மன்னிக்கமாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

ஆனாலும் முதல் கேள்விக்குப் பதில் உண்டு. அவர் படிக்காமல் இருப்பதால் நம் பிள்ளையின் கட்டணம் குறையப்போவதில்லை. அவர் என்றாவது ஒரு நாள் வெளியே வருவார். வந்து நம் தெருவில்தான் இருப்பார். அமெரிக்காவில் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட அறிக்கை, சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவு என்று கண்டது. அந்த நாட்டில் 1994இல் சிறைவாசிகளுக்குக் கல்லூரி உதவித்தொகையை நிறுத்தினார்கள். 2023இல் மீண்டும் தரத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு எடுத்தது அவர்களுக்கு.

நம் தமிழகத்திலேயே பேரறிவாளனை எல்லோருக்கும் தெரியும். வழக்கைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும், அதற்குள் நாம் போகவில்லை. 1991இல் கைதான அவர் சிறையிலிருந்தபடியே இக்னோ வழியாகக் கணினிப் பயன்பாட்டியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்றார். 2012இல் வேலூர் சிறையிலிருந்து பிளஸ் டூ தேர்வு எழுதி 1,200க்கு 1,096 மதிப்பெண் எடுத்தார். 2022 மே 18 அன்று அவரை விடுவித்த உச்ச நீதிமன்றம், கருத்தில் கொண்டவற்றுள் சிறையில் அவர் பெற்ற கல்வித் தகுதிகளையும் குறிப்பிட்டது. கம்பிக்குள் எழுதிய தேர்வு ஒரு தீர்ப்பில் இடம்பெற்றது என்பது அடுத்த அறையில் இருந்த எத்தனை பேருக்குப் புத்தகத்தை எடுக்கத் தூண்டுதலாக இருந்திருக்கும்!

இன்னும் பின்னால் போனால் நம் ஊர்க்காரரே இருக்கிறார். தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த வ.உ. சிதம்பரனார் 1908இல் சிறை சென்றார். கோவையிலும் கண்ணனூரிலும் கிடந்தார். செக்கு இழுத்ததை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1912 டிசம்பரில் வெளியே வருவதற்குள் அவர் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார் என்பதையும், 'மெய்யறம்' என்ற நூல் சிறைவாழ்வில் விளைந்தது என்பதையும் பலர் சொல்வதில்லை. செக்குக்கு நினைவுச் சின்னம் வைத்தோம், புத்தகத்தை மறந்துவிட்டோம். அவர் அரசியல் கைதி, இவர்கள் அப்படியல்ல என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் மதிலுக்குள் நீளும் மாலைப் பொழுது எல்லோருக்கும் ஒன்றுதான். மாலையில் அறைக்குள் அடைத்தால் மறுநாள் காலைவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பழைய குற்றவாளி சொல்லித் தரும் பாடமா, பல்கலைக்கழகம் அனுப்பிய பாடமா என்பதுதான் கேள்வி.

சிறை வாசலில் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேர் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டபோது குடும்பங்கள் மனுக்களுடன் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தன. நாமும் செபித்தோம். அவர்கள் குற்றவாளிகள் அல்லர், பிழைப்புக்காகக் கடலுக்குப் போனவர்கள். இரண்டையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு தாய் பட்ட பாட்டை உணர்ந்த நமக்கு, பேரூரணிக்கோ பாளைக்கோ தனியாகப் பேருந்து ஏறும் தாயின் பாடு புரியாமல் போகாது.

திருத்தந்தை பிரான்சிஸ், 2025 யூபிலி ஆண்டுக்காக, 2024 டிசம்பர் 26 அன்று உரோமையின் ரெபிபியா சிறையில் புனிதக் கதவைத் திறந்துவைத்தார். புனித பேதுரு பெருங்கோவிலில் கதவைத் திறந்த இரண்டே நாளில் அவர் போன இடம் அது. இந்தியத் திருஅவையில் 1981இல் கேரளத்துக் குருமாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய சிறைப்பணி இன்று நாடெங்கும் நடக்கிறது. அதன் பாதுகாவலர், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இன்னொருவருக்காகத் தம் உயிரைத் தந்த புனித மாக்சிமிலியன் கோல்பே. ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறு. அன்று காணிக்கை எடுக்கிறோம், மன்றாட்டில் ஒரு வரி சேர்க்கிறோம். அடுத்த ஞாயிறு மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமசுக்குக் கேக் கொடுத்துக் கரோல் பாடுவதும் நல்லதுதான். ஆனால் கேக் அன்றைக்கே தீர்ந்துபோகும்.

பங்கில் என்ன செய்யலாம்? எல்லோரும் சிறைக்குள் போக வேண்டியதில்லை. போகவும் முடியாது. சிறைக் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்ற சிறைப்பணிக்குழுவினர் மட்டுமே உள்ளே செல்லலாம், ஆர்வக்கோளாறில் நேரே போய் நின்றால் வேலை கெட்டுப்போகும். வெளியே செய்ய வேண்டியதே ஏராளம். அன்பியத்தில் யார் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது என்பது அன்பியப் பொறுப்பாளருக்குத் தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவருக்குப் பள்ளி அலுவலகத்தின் நடைமுறை அத்துப்படி. நம் மறைமாவட்டப் பள்ளிகளிலேயே படித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர், அவர்களுடைய பதிவேடு நம் அலமாரியில்தான் இருக்கிறது. தலைமையாசிரியர் மனது வைத்தால் ஒரு நாளில் முடியும் வேலை. அந்தத் தாயிடம் ஒரு முகவரிட்ட உறையும், எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தால், அடுத்த மனுவின்போது அவர் கேட்டு வந்துவிடுவார்.

கல்லூரி மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. இக்னோ பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவருக்கு அது மதிலைவிட உயரமான மதில். பாடச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பேருதவி. தமிழ்வழியில் படிக்க விரும்புகிறவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே சொல்ல வேண்டும். நூல்கள் தருவதானால் நம் வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய வார இதழ்களைத் தள்ளிவிட வேண்டாம். 2023 சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழகச் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்கு நூல் திரட்டியது. மக்கள் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். எந்தப் பாடத்துக்கு எந்த நூல் வேண்டும் என்று சிறை ஆசிரியரைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

கொக்கிரகுளத்தில் இருக்கும் பெண்களைத் தனியாக நினைக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அவர்களுக்கு வகுப்பும் மையமும் எளிதில் அமைவதில்லை. வீட்டிலிருந்து வந்து பார்ப்பவர்களும் குறைவு. கணவன் சிறையில் இருந்தால் மனைவி போவார், மனைவி சிறையில் இருந்தால் போகிற கணவர் எத்தனை பேர்? சான்றிதழ் கொண்டுவர வீட்டில் ஆளே இல்லாத நிலையில், அருட்சகோதரிகள் அந்தக் குடும்பத்தின் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும்.

விடுதலையாகும் நாளுக்கு முன்பே ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுவது நல்லது. அவர் வந்த ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்த்து, பதிவு எண் எது, எத்தனை தாள் பாக்கி, எந்த மையத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஆண்டுக் கட்டணத்தைப் பங்கின் கல்வி நிதியிலிருந்து கொடுப்பது பெரிய தொகை அல்ல. நம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வெடிக்கும் வாணத்தின் ஒரு பகுதி போதும்.

இக்னோவில் ஆண்டுக்கு இரண்டு முறை, சனவரியிலும் சூலையிலும் சேர்க்கை நடக்கிறது. தேர்வுகள் சூனிலும் டிசம்பரிலும். சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பாவது சான்றிதழ்கள் கைக்கு வந்தால்தான் சிறை வழியாக விண்ணப்பம் போய்ச்சேரும். உங்கள் அன்பியத்தில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் மறைமாவட்டச் சிறைப்பணிக்குழுவிடம் தெரிவிப்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல் ஒன்று இருந்தால் உடன் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் படித்த பள்ளியின் பெயரும் முடித்த ஆண்டும் போதும், மற்றதைப் பதிவேட்டில் தேடிக்கொள்ளலாம்.